பென்ரித்தில் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள்

“அவங்களிட்ட ஜூனியர் இருக்கு, அதுதான் வெல்லுறாங்கள்.” சிட்னியின் மேற்கு ஓரத்து ரக்பி லீக் கிளப்பான பென்ரித் பாந்தர்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் வந்து விழுகிற வசனம் இதுதான். ஜூனியர் என்றால் கிளப்பின் எல்லைக்குள் சின்ன வயதிலிருந்தே ஆடி வளர்கிற உள்ளூர்ப் பிள்ளைகள். வெண்ட்வொர்த்வில் கடைகளில் கேட்டிருக்கிறேன், பெண்டில் ஹில் ஸ்டேஷனில் கேட்டிருக்கிறேன், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அப்பாமார் வாயிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கிளப்பான பரமட்டா ஈல்ஸின் ஆட்கள். இருக்கிற இடம் அப்படி, வேறு எங்கே போவது? 1986-க்குப் பிறகு ஒரு கிண்ணமும் தூக்காத கிளப்பை நம்பியிருக்கிற சனத்துக்கு, பக்கத்து ஊர்க்காரன் 2021, 2022, 2023, 2024 என்று வரிசையாக நாலு தடவை வென்றதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் நம்முடைய பிழையாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. ‘ஜூனியர் இருக்கு’ என்பது அதற்கென்றே செய்த மாதிரி ஒரு காரணம். அவன் காணியில் மழை பெய்தது, விளைந்தது, நாங்கள் என்ன செய்ய?

2022 அக்டோபர் 2-ஆம் தேதி அந்த இரண்டு கிளப்பும் கிராண்ட் ஃபைனலில், அதாவது கிண்ணத்துக்கான கடைசி ஆட்டத்தில், மோதியபோது இந்த வசனத்தை நானும் நம்பித்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். 28–12 என்று முடிந்தது. அந்த 12 புள்ளியும் கடைசி நேரத்தில் ஆறுதலுக்கு வந்தவை, அதுவரை 28–0. ஒரு அணி இன்னொன்றை விடப் பலமாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாத ஆட்டம் அது. பென்ரித்தின் பதின்மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே அடுத்தவன் எங்கே நிற்பான் என்று தெரிந்து ஆடினார்கள். எங்களுடையவர்கள் பார்த்துப் பார்த்து ஆடினார்கள். அந்த வருஷம் பென்ரித் முதல் அணியில் மட்டும் வெல்லவில்லை. முதல் அணிக்கு அடுத்த படியான நியூ சவுத் வேல்ஸ் கப், 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஜெர்சி ஃப்ளெக், அதற்கும் கீழே எஸ்.ஜி. பால், எல்லாவற்றிலும் அவர்கள்தான். நாலு மாடியிலும் ஒரே வீட்டுக்காரர். அதன் பிறகுதான் ‘ஜூனியர் இருக்கு’ என்ற பதில் எனக்குச் செரிக்காமல் போனது.

ஏனென்றால் பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். பரமட்டாவில் ரயில் ஏறி மேற்கே போங்கள்: வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூன்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன், அப்புறம் மவுண்ட் ட்ரூயிட், செயின்ட் மேரிஸ், பென்ரித். ஒரே தண்டவாளம், ஒரே வெயில், ஒரே மாதிரி வீடுகள். சமோவா, டோங்கா குடும்பங்கள், பழங்குடிக் குடும்பங்கள், மூன்று தலைமுறையாக லீக் பார்க்கிற வெள்ளைக்காரக் குடும்பங்கள், இரண்டு கிளப்பின் எல்லைக்குள்ளும் இவர்கள்தான். பென்ரித் ஜூனியர் லீக் பெரியது, உண்மை; உலகத்திலேயே பெரியது என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அது நேற்று பெரிதானதல்ல. பென்ரித் பெரிய போட்டிக்குள் வந்தது 1967-ல். முதல் கிண்ணம் 1991-ல். நடுவில் இருந்த அந்த 24 வருஷமும் மைதானங்களில் பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். பழுப்பு நிறச் சட்டை போட்ட முதல் அணியை ஊர் ‘சாக்லேட் சிப்பாய்கள்’ என்று கேலி செய்தது. சூடு பட்டால் உருகிவிடுவார்களாம்.

2003-ஐ நினைவிருக்கிறதா

இந்தக் கிளப் ஒரு தடவை விழுந்து எழுந்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது விழுந்து எழுந்து மறுபடி விழுந்த கிளப். 2001-ல் கடைசி இடத்துக்கான மரக்கரண்டி. ஜான் லாங் கோச்சாக வந்தார். இரண்டே வருஷத்தில், 2003-ல், சிட்னி ரூஸ்டர்ஸை 18–6 என்று அடித்துக் கிண்ணம். ஓரத்தில் தனியாக ஓடிய டாட் பர்னை ஸ்காட் சாட்லர் துரத்திக் கோட்டுக்கு வெளியே தள்ளிய அந்த டாக்கிளை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த அணியிலும் உள்ளூர்ப் பெடியன்கள் நிறையப் பேர். அப்புறம்? 2007-ல் மறுபடி மரக்கரண்டி. நாலே வருஷம்.

எனக்கு 2003 வெற்றியை விட அந்த நாலு வருஷம்தான் சுவாரசியம். நல்ல கோச், நல்ல ஒரு தலைமுறை, இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தியது, கிண்ணம் வந்தது. அந்தத் தலைமுறைக்கு வயதானது, கோச் போனார், கீழே இருந்து வர யாரும் தயாராக இல்லை. கீழே பிள்ளைகள் இருந்தார்கள், தயாராகத்தான் இல்லை. பதினாறு வயதில் மைதானத்தில் ஒரு பெடியன் இருப்பதும், இருபது வயதில் முதல் அணிக்கு ஒரு ஆள் இருப்பதும் வேறு வேறு. நடுவில் இருக்கிற அந்த நாலைந்து வருஷத்தில்தான் இந்த விளையாட்டில் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

நான் சில சீசன் ஒரு சின்ன ஜூனியர் அணியோடு திரிந்திருக்கிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை, தண்ணீர்ப் போத்தல், பெயர்ப் பட்டியல், மழை நாளில் கூடாரம். பத்துப் பதினொரு வயதுப் பிரிவில் ஒவ்வொரு அணியிலும் வயதுக்கு மீறி வளர்ந்த ஒரு பெடியன் இருப்பான். கோச் செய்வதெல்லாம் அவன் கையில் பந்தைக் கொடுப்பது. அவன் மற்ற எல்லாரையும் முதுகில் தொங்கவைத்துக்கொண்டு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி ட்ரை போடுவான். வெற்றி, சத்தம், தகப்பன்மார் முகத்தில் வெளிச்சம். அவனுக்குப் பந்தைக் கடத்தத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வந்ததில்லை. பதினைந்து வயதில் மற்றவர்கள் வளர்ந்து சமமாக நிற்கும்போது அவன் திடீரென்று சாதாரண ஆள் ஆகிவிடுகிறான், அடுத்த சீசனுக்குப் பெயர் பதிய வருவதில்லை. அவனோடு ஆடிய சின்னப் பெடியன்கள் இன்னும் பாவம்; நாலு வருஷம் பந்தைத் தொடாமலே ரக்பி ஆடியவர்கள் அவர்கள். இப்போது சின்ன வயதுப் பிரிவுகளில் புள்ளி அட்டவணை வேண்டாம் என்று மேலிடம் சொல்வதற்கு இதுதான் காரணம். பெற்றோருக்குத்தான் அது பிடிப்பதில்லை. அட்டவணை இல்லாவிட்டால் என்ன, கைத்தொலைபேசியில் தாங்களே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ‘ஜூனியர்’ என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எதைச் சொல்கிறார்கள்? தலைகளின் எண்ணிக்கையையா, அந்தப் பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவில் நடப்பதையா?

கூல்ட் வந்த வருஷம்

ஃபில் கூல்ட் பற்றி லீக் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. டிவியில் பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார், பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. 1991 கிண்ணம் வென்ற பென்ரித் அணியின் கோச் அவர்தான். 2011-ல் அவரே பொது மேலாளராகத் திரும்பி வந்தபோது கிளப் கடனில் இருந்தது, அணி இறங்குமுகத்தில் இருந்தது, கோச் மாத்யூ எலியட் அந்தச் சீசன் நடுவிலேயே போய்விட்டார். கூல்ட் ஐந்து வருஷத் திட்டம் என்றார். ஊர் சிரித்தது. ஐந்து வருஷம் என்றால் தோற்கிறவன் சொல்கிற கணக்கு என்றுதானே இங்கே அர்த்தம். நியூசிலாந்து வாரியர்ஸை 2011 கிராண்ட் ஃபைனல் வரை கூட்டிப்போன ஐவன் கிளியரியை 2012-க்குக் கோச்சாகக் கொண்டுவந்தார்.

அந்த முதல் வருஷம் நடந்தது பென்ரித் ஆட்களுக்கு இன்னும் வலிக்கும். 2003 கிண்ண அணியில் இருந்த லூக் லூயிஸ், உள்ளூரிலேயே வளர்ந்த மைக்கேல் ஜெனிங்ஸ், இருவரும் 2012-ஓடு கிளம்பினார்கள். ஜெனிங்ஸ் 2013-ல் ரூஸ்டர்ஸுக்குப் போய் அதே வருஷம் கிண்ணம் தூக்கினார். லூயிஸ் 2016-ல் குரோனுல்லாவுக்கு அதன் முதல் கிண்ணத்தை வென்று கொடுத்து, அந்த ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். சொந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் கட்டப்போகிறேன் என்று சொன்னவர் முதலில் செய்தது இரண்டு சொந்தப் பிள்ளைகளை அனுப்பியது! அதில் ஒரு கொடுமை இருக்கிறது. இந்தப் போட்டியில் சம்பள உச்சவரம்பு இருப்பதால் பெரிய சம்பளக்காரர் இருவர் இருந்தால் கீழே இருக்கிற ஐந்து பேருக்கு இடமில்லை, கணக்கு அவ்வளவுதான். ஆனால் அப்போது ஆதரவாளனாக இருந்தவனிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

இடைவெளியை நிரப்ப ஜேமி சோவர்ட், பீட்டர் வாலஸ், பிரெண்ட் கைட் போன்ற, ஓரளவு வயதான, நிதானமான ஆட்களை வாங்கினார்கள். யாரும் அதை ‘கட்டுமானம்’ என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. இருபது வயதுப் பெடியன்களை மட்டும் ஒரு முதல் அணியில் இறக்கினால் வாரா வாரம் எதிரணிக்கு நாற்பது புள்ளி கொடுத்துத் தோற்று வருவார்கள், அவர்களில் பாதிப் பேரின் மனம் இருபத்தொன்றிலேயே உடைந்துவிடும். பெரியவர்கள் அடி வாங்குவதற்கு, சின்னவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு. அதோடு, சிட்னிக்கு வெளியே நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பக்கத்தைத் தங்கள் நிலமாக ஆக்கிக்கொண்டார்கள். 2014 முதல் வருஷத்துக்கு ஒரு ஆட்டத்தை பாதர்ஸ்டில் ஆடுகிறார்கள். டப்போவில் இருந்து ஐசையா யோ வந்தார், மேத்யூ பர்டன் வந்தார், ஃபோர்ப்ஸில் இருந்து சார்லி ஸ்டெய்ன்ஸ். முல்கோவா சாலையில் அகாடமி ஒன்று எழும்பியது. பதின்ம வயதுப் பெடியனும் முதல் அணிக் காப்டனும் ஒரே கட்டடத்துக்குள் பயிற்சிக்கு வருகிற இடம்.

யோவைக் கொஞ்சம் பாருங்கள். 2014-ல் முதல் ஆட்டம் ஆடியபோது களத்தில் அவர் இடம் சென்டர். பிறகு இரண்டாவது வரிசை. பல வருஷம் கழித்துத்தான் லாக். இன்றைக்கு அந்த இடத்தில் அவரைப் போல நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆள் இல்லை என்கிறார்கள். ஒரு கிளப் ஒருவனை ஆறு வருஷம் வைத்திருந்து, அவனுக்குப் பொருந்துகிற இடத்தைத் தேடியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆறு வருஷத்தில் நாங்கள் கோச்சையும் நிர்வாகத்தையும் கம்பள விரிப்பையும் மாற்றிவிடுவோம். (2016-ல் சம்பள உச்சவரம்பு மோசடியில் எங்கள் 12 புள்ளிகளையே பிடுங்கினார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது, விடுங்கள்.)

2015 அக்டோபர்

இந்தக் கதை முழுவதும் எனக்கு ஒரு மாதத்தில் வந்து நிற்கிறது. 2014-ல் பென்ரித் நாலாவது இடம் பிடித்து, கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு படி கீழே வரை வந்தது. எல்லாரும் திட்டம் பலித்துவிட்டது என்றார்கள். 2015-ல் காயங்கள், சரிவு, பதினோராவது இடம். அந்த அக்டோபரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. மாதத் தொடக்கத்தில் பென்ரித்தின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணி மேன்லியை 34–18 என்று வென்று தேசிய இளையோர் கிண்ணத்தைத் தூக்கியது. மூன்று வருஷத்தில் அது இரண்டாவது தடவை. அதே மாதத்தில் கூல்ட், தானே கொண்டுவந்த ஐவன் கிளியரியை வீட்டுக்கு அனுப்பினார். அவர் களைத்துப்போய்விட்டார் என்பது சொல்லப்பட்ட காரணம். அப்போது ஐவனின் மகன் நேதன் அந்தக் கிளப்பின் இளையோர் அணியில் இருந்தான். பதினேழு வயது.

எந்தக் குடும்பமாக இருந்தாலும் அந்த இடத்தில் மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும். தகப்பனைத் துரத்திய முதலாளியின் கீழ் பிள்ளை வேலை செய்யலாமா என்று நம் வீடுகளில் பெரியம்மா வரைக்கும் கருத்துச் சொல்லியிருப்பார்கள். நேதன் இருந்தான். அடுத்த வருஷமே, 2016-ல், பதினெட்டு வயதில், புதுக் கோச் ஆந்தனி கிரிஃபின் அவனை முதல் அணியில் இறக்கினார். அப்பா பிறகு வெஸ்ட்ஸ் டைகர்ஸின் கோச் ஆனார். மகன் எதிரணிச் சட்டையில் அப்பாவின் அணிக்கு எதிராக ஆடினான். நேதனோடு பதின்ம வயதிலிருந்து ஆட்டத்தை நடத்துகிற ஹாஃப் ஜோடியாக ஆடிய ஜெரோம் லுவாய் மவுண்ட் ட்ரூயிட் பக்கத்துப் பெடியன். பிரையன் டோ, ஸ்டீபன் கிரைட்டன், ஸ்பென்சர் லெனியு என்று அந்தச் சுற்றிலிருந்து ஒருவர் பின் ஒருவராக மேலே வந்தார்கள். ட்ரை போட்டால் 2770 என்று தங்கள் தபால் எண்ணைக் கையால் காட்டுவார்கள். சிட்னியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிலர் மறைக்கப் பார்க்கிற எண் அது.

அந்த அக்டோபரை நான் பல விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிளியரியை நீக்கியது சரியா? என் கருத்தில் சரியில்லை. பின்னால் நாலு கிண்ணம் வென்றவரைக் களைத்துவிட்டார் என்று அனுப்பியது சரியான கணிப்பாக எப்படி இருக்க முடியும்? 2018-ல் கிரிஃபினையும், ஃபைனல்ஸ் என்கிற இறுதிச் சுற்று ஆட்டங்களுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அணி நல்ல இடத்தில் இருக்கும்போதே, நீக்கினார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. 2019-ல் ஐவன் கிளியரி திரும்பி வந்தார், டைகர்ஸ் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே. பழைய சண்டையெல்லாம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதே வருஷம் கூல்ட் கிளம்பிவிட்டார். கிண்ணங்கள் வந்தபோது அவர் அங்கே இல்லை. ஆக, இந்தக் கதையில் திட்டம் போட்டவர் அறுவடைக்கு இல்லை, அறுவடை செய்தவர் நடுவில் மூன்று சீசன் அங்கே இல்லை, நடுவில் இருந்தவரின் பெயரை யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் யார் கட்டினது? அந்த 2015 அக்டோபரில் மேல் மாடியில் அவ்வளவு கலவரம் நடந்தும் கீழ் மாடிகளில் எதுவும் ஆடவில்லை என்பதுதான் எனக்குப் பதிலாகத் தெரிகிறது. 20 வயது அணிக்கான பயிற்சி அடுத்த சீசனில் பழையபடி தொடங்கியது. பெரிய கோச் மாறினால் கீழே உள்ள பயிற்சியாளர்கள், ஆட்டமுறை, ஆள் தேடுகிறவர்கள், ஜிம் நேரம் என்று எல்லாவற்றையும் தலைகீழாக்குவதுதான் இந்த விளையாட்டில் வழக்கம். புதுக் கோச் தன் ஆட்களைக் கொண்டுவருவார், தன் மொழியைக் கொண்டுவருவார், பதினேழு வயதுப் பெடியன் மூன்று வருஷத்தில் மூன்று விதமாக டாக்கிள் செய்யக் கற்றுக்கொள்வான். பென்ரித்தில் அது நடக்கவில்லை, அல்லது மற்ற இடங்களை விடக் குறைவாக நடந்தது. அவர்களின் கீழ்ப்பிரிவு ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். தங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கிடைத்தால் முதல் இரண்டு ஓட்டம் ஓரத்தில் நிற்கிற விங்கரும் கடைசியில் நிற்கிற ஃபுல்பேக்கும்தான் எடுப்பார்கள், கனமான முன்வரிசை மூச்சு வாங்கட்டும் என்று. மேலே பிரையன் டோவும் டிலன் எட்வர்ட்ஸும் செய்வது அது. கீழேயும் அதே. மேலே ஒருவர் காயப்பட்டு, கீழே இருந்து ஒருவன் வந்தால் அவனுக்கு யாரும் ஒன்றும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2021-ல் வழக்கமான சீசனின் 24 ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு எதிராக 300 புள்ளிகள்கூட எடுக்கவில்லை. திறமையால் மட்டும் அப்படி நடக்காது. சிறுவயதிலிருந்து ஒன்றாகப் பின்வாங்கி ஒன்றாக முன்னேறிப் பழகியவர்களால்தான் அது நடக்கும்.

இன்னொன்று. முதல் விளைச்சல் அவர்களுக்குச் சரியாக வரவில்லை. மேட் மொய்லன், பிரைஸ் கார்ட்ரைட், இவர்கள்தான் அடுத்த பத்து வருஷம் என்று 2014, 2015-ல் எல்லாரும் எழுதினார்கள். 2018 தொடங்கும்போது இருவரும் வேறு கிளப்பில். வேறு எந்த நிர்வாகமாக இருந்தாலும் அந்த இடத்தில் ‘ஜூனியர் வளர்ப்பு சரிவராது, வாங்குவோம்’ என்று முடிவெடுத்திருக்கும். இரண்டாவது விளைச்சல் வரும்வரை பொறுத்ததுதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது. 2020-ல் தொடர்ந்து 17 ஆட்டம் வென்று, கிராண்ட் ஃபைனலில் மெல்போர்னிடம் 26–20 என்று தோற்றார்கள். அதற்கடுத்த வருஷம் சவுத் சிட்னியை 14–12. அதற்கப்புறம் கதை எல்லாருக்கும் தெரியும்.

காசு எங்கிருந்து

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் அது அழகில்லை. அகாடமிக்கும் கோச்மாருக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் தேடுவதற்கும் காசு வேண்டும். தொலைக்காட்சிப் பணத்தில் தங்கள் பங்கு எல்லாக் கிளப்புக்கும் கிடைக்கிறது. அதற்கு மேல் உள்ளதைப் பென்ரித்துக்குக் கொடுப்பது பாந்தர்ஸ் லீக்ஸ் கிளப், அதாவது உணவகம், மதுச்சாலை, முக்கியமாகப் போக்கி எனப்படும் சூதாட்ட மெஷின்கள். இந்த மாநிலத்தில் 1956-லேயே கிளப்புகளுக்குப் போக்கி அனுமதி வந்துவிட்டது. அதே 1956-ல்தான் செயின்ட் ஜார்ஜ் வரிசையாகப் பதினொரு கிண்ணம் வெல்லத் தொடங்கியது, பின்னால் அவர்கள் கட்டிய லீக்ஸ் கிளப்புக்கு ஊர் வைத்த பெயர் ‘தாஜ் மஹால்’. ஆகவே இது பென்ரித்தின் பாவம் மட்டும் இல்லை, எங்கள் பரமட்டாவும் அதே பணத்தில்தான் நடக்கிறது. ஆனால் மேற்கு சிட்னியில் அந்த மெஷின்களுக்கு முன்னால் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மவுண்ட் ட்ரூயிட் பெடியனை உச்சிக்கு ஏற்றிய ஏணியின் சில படிகளுக்கு மவுண்ட் ட்ரூயிட் தகப்பன்மாரே வாரக்கூலியில் பணம் கட்டியிருக்கிறார்கள். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. ‘சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்’ என்று கிளப்புகள் பலகை வைக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

என் வாதத்தை இன்னொரு பக்கத்திலிருந்து இடிப்பது கேன்டர்பரி புல்டாக்ஸ். 2021-ல் மரக்கரண்டி வாங்கிய அந்தக் கிளப்புக்கு அதே வருஷம் கூல்ட் போனார். அங்கே அவர் பத்து வருஷம் காத்திருக்கவில்லை. பென்ரித்தில் விளைந்ததை அப்படியே பெயர்த்து எடுத்தார்: பர்டன், விலியாமே கிக்காவ், பிறகு கிரைட்டன். கோச்சாகவும் பென்ரித்தில் உதவிக் கோச்சாக இருந்த கமரன் சிரால்டோ. 2024-ல் ஆறாவது இடம். ‘பார்த்தியா, வாங்கியும் கட்டலாம்’ என்று எங்கள் ஆட்கள் இப்போது அதைக் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் வாங்கப்பட்டவர்கள் எங்கே செய்யப்பட்டவர்கள் என்று பாருங்கள். வாங்குவதற்கு முதலில் யாராவது ஒருவர் வளர்த்திருக்க வேண்டுமே. இந்தப் போட்டியில் அதற்கு நன்றிக்கடன் எதுவும் கிடையாது. வளர்த்தவனுக்கு உச்சவரம்பு இடிக்கும், வளர்க்காதவனுக்குப் பையில் காசு இருக்கும். பலவீனமான கிளப்புக்கு முதல் தேர்வு என்ற டிராஃப்ட் முறையை 1991-லேயே நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. ஆகவே பென்ரித் வருஷா வருஷம் ஆட்களை இழந்துகொண்டே இருக்கிறது. கொரோய்சாவ், கிக்காவ், பர்டன், கிரைட்டன், 2024 கிண்ணத்தோடு லுவாய் டைகர்ஸுக்கு, ஃபிஷர்-ஹாரிஸ் வாரியர்ஸுக்கு. கிண்ணம் வென்ற அணியில் இருந்து இத்தனை பேர் போன பிறகும் அடுத்த கிண்ணம் வெல்வதைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்துச் செய்துகாட்டச் சொன்னாலும் முடியாது.

2023 கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேன் 24–8 என்று முன்னால் போய்விட்டது. லுவாய் காயத்தோடு வெளியே. அவர் இடத்தில் ஜாக் காகர், கிளப் கிளப்பாகச் சுற்றிவிட்டு பெஞ்சுக்கு வந்தவர். நேதன் கிளியரி கடைசி இருபது நிமிஷத்தில் செய்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான், 26–24 என்று வென்றது அவரால்தான். நான் காகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெரிசலில் அவர் எந்த இடத்திலும் தொலைந்து நிற்கவில்லை. அடுத்த வருஷம் அவரும் நியூகாசிலுக்குப் போய்விட்டார்.

2025 தொடக்கத்தில் அந்தக் கிளப் முடிந்தது என்று ஊரே எழுதியது. மே மாதத்தில் அட்டவணையின் அடியில் கிடந்தார்கள். டூன்காபியில் கொஞ்சப் பேருக்கு அது நல்ல மாதம். அப்புறம் வரிசையாக வெல்லத் தொடங்கி, ஃபைனல்ஸுக்குள் வந்து, புல்டாக்ஸை வெளியே அனுப்பி, பிரிஸ்பேனிடம் 16–14 என்று, கிராண்ட் ஃபைனலுக்கு ஒரு ஆட்டம் முன்னால் தோற்றார்கள். லுவாய் விட்டுப்போன இடத்துக்கு அந்த வருஷம் அவர்கள் கொண்டுவந்தவன் பிளேஸ் டலாகி. பரமட்டா ஜூனியர். எங்கள் மைதானங்களில் வளர்ந்து, 2024-ல் எங்கள் முதல் அணிக்கு ஆடி, அந்த வருஷக் கடைசியில் மேற்கே போன பெடியன். அவனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.